இடுப்பு வாரில் ஒரு புதுத் துளை

கதவு இன்னும் இரண்டு தட்டுத் தாங்காது என்று தோன்றியது.

சஹாக் கையிலிருந்த தோல் வாரை அவசரமாகச் சுருட்டிக் காற்சட்டைக்குள் செருகினான். அது பாம்பு மாதிரி நழுவித் தொடைக்கு இறங்கியது. பிடித்து இழுத்து, வயிற்றோடு வைத்து அழுத்தி, மேலே சட்டையை இறக்கிவிட்டான். வியர்வையில் ஊறிய தோலின் நாற்றம் கழுத்து வழியே ஏறி மூக்கில் அடித்தது. வாளேந்தும் துறவிகளின் முள்முடிச் சபைக்கு மகா தலைவரான பிரதர் பெரெங்காரின் இடுப்பு வார் அது. கடற்கரையில் மூன்று கோட்டைகள் அவர் சொன்னால் திறக்கும், சொன்னால் மூடும். அந்த வார் இப்போது பதினேழு வயதுத் தையல் பையன் ஒருவனின் தொப்புளில் குத்திக்கொண்டிருந்தது.

"உள்ள இருக்கீங்களா, செத்துட்டீங்களா?"

சஹாக் கதவைத் திறந்தான். வெளியே எம்ரிக். தலைவரின் அறைப் பணியாள். புளித்த பாலைக் குடித்துவிட்டுத் துப்ப இடம் தேடுகிற முகம்.

"பெரியவரோட பழைய வார் எங்கடா?"

"எந்த வாரு?"

"காலையில உங்க உடைக்காரர் புதுசு குடுத்துட்டு வாங்கிட்டு வந்தாரே, அது. புதுசு இறுக்குதாம். பழசே வேணுமாம்."

"இறுக்குனா ஒரு துளை போட்டுத் தர்றேன், கொண்டாங்க."

எம்ரிக்கின் கண் சுருங்கியது. "உன்னைத் துளை போடச் சொன்னேனா? பழசைக் குடு."

"பழசு போயாச்சுங்க. திரும்ப வாங்குன துணியையும் தோலையும் ஏழைக்குக் குடுக்கணும்கறது சட்டம்தான? வாசல்ல ஒரு நொண்டி நின்னான். குடுத்தாச்சு."

"எங்க அவன்?"

"ஓடிட்டான்."

"நொண்டி ஓடிட்டானா?"

"வாரு கிடைச்ச சந்தோஷம்."

எம்ரிக் அவன் கழுத்துப்பட்டியைப் பிடித்தான். முகத்தோடு முகம். வெங்காய வாடை. "சாயங்கால மணிக்குள்ள அந்த வாரு வரணும். இல்லேன்னா தண்டனையில கிடக்கற கிலாபெருக்குப் பக்கத்துல தரையில உனக்கும் ஒரு இடம் போடச் சொல்றேன். வலப்பக்கம் ஒரு நாய், இடப்பக்கம் ஒரு நாய்."

அவன் காலடி ஓசை படியில் தேயும்வரை சஹாக் மூச்சுவிடவில்லை.

சுவரில் வரிசையாகத் தொங்கிய சாம்பல் அங்கிகளில் ஒன்று பேசியது. "நொண்டி ஓடிட்டானாடா?"

"வாயில வந்துடுச்சுங்கய்யா."

"உன் வாயை ஒரு நாள் நானே தைக்கப்போறேன்." அங்கிகளை விலக்கிக்கொண்டு பிரதர் ரெனியெர் வெளியே வந்தார். சபையின் உடைக்காரர். யாருக்கு எந்தச் சட்டை, எந்த அங்கி எத்தனை முழம் என்று பார்ப்பது அவர் பொறுப்பு. ஒரு முற்றுகையில் வலக்கையின் மூன்று விரல்கள் போய்விட்டன. வாள் பிடிக்க முடியாதவரைச் சபை ஊசி பிடிக்க அனுப்பியது. ஊசியும் பிடிபடவில்லை. அதற்குத்தான் சஹாக். ஆனால் கோட்டையில் எது காணாமல் போனாலும், யார் பொய் சொன்னாலும், ஆட்கள் இந்தத் துணிக்கிடங்குக்குத்தான் வந்தார்கள். போன குளிர்காலத்தில் கோவிலின் வெள்ளிக் கிண்ணத்தை எடுத்தவனை, அவன் மேலங்கி ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகத் தொங்குவதைப் பார்த்தே பிடித்தவர் அவர்.

"எடு அதை."

சஹாக் வாரை உருவி மேசையில் போட்டுவிட்டுக் கையைச் சுவரில் துடைத்தான். "எனக்கு உள்ளுக்குள்ள ஒதறுதுங்கய்யா. நாம பண்றது தலைவருக்கு எதிரா. தெரிஞ்சா..."

"தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் கிணறு. தெரியாம போனா கிலாபெருக்கு மட்டும் கிணறு. எது வேணும்?"

விஷயம் அதுதான். போன கோடையில் முசுக்கட்டை ஊற்றடி என்ற இடத்தில் தலைவரும் இருபது பேரும் எதிரி அமீரின் ஆட்களிடம் சிக்கினார்கள். திரும்பி வந்தது பிரதர் கிலாபெர் ஒருவர்தான். கொடி விழுந்த பிறகே களத்தை விட்டேன் என்றார். கொடி விழுந்த பிறகு விலகினால் சபையில் குற்றமில்லை. நிற்கும்போது ஓடினால் மன்னிப்பில்லை. சாட்சி இல்லாததால், தரையில் உட்கார்ந்து நாய்களோடு உண்ணும் தண்டனை கொடுத்து நிறுத்திவைத்திருந்தார்கள். ஈஸ்டருக்கு முன்னால் தலைவர் திரும்பி வந்தார். கந்தல் சட்டை, புதர் மாதிரித் தாடி, முழங்கால்வரை சேறு. மற்ற எல்லோரும் ஊற்றடியிலேயே வெட்டுப்பட்டுச் செத்தார்கள் என்றார். தான் மட்டும் பாதாளச் சிறையில் தவிட்டு ரொட்டி தின்று கிடந்து தப்பி வந்ததாகச் சொன்னார். கொடி நின்றுகொண்டுதான் இருந்தது என்றார்.

நாளைக் காலை சபைக் கூட்டம். கிலாபெரைக் கிணற்றுச் சிறையில் இறக்கி மேலே கல்லை வைத்து மூடிவிடுவார்கள்.

செத்தவர்களில் ஒருவன் சஹாக்கின் அண்ணன் வாஹ்ராம்.

"சொல்லு. என்ன தெரியுது?" என்றார் ரெனியெர்.

சஹாக் வாரைத் திருப்பினான். இரண்டாம் துளையருகே கொக்கி அழுந்தி அழுந்திக் கறுத்த பள்ளம். அது பழைய இடம். அதற்கப்புறம் சபைத் தோல்காரன் போட்ட துளைகள் இரண்டு, வட்டமாக. அவற்றையும் தாண்டி, நுனிக்குப் பக்கத்தில், இன்னொரு துளை. கத்தி முனையால் குத்தித் திருகியது. அதன் ஓரத்திலும் கொக்கித் தடம் பதிந்திருந்தது.

"நுனிப் பக்கமா புதுசா ஒண்ணு. அப்படின்னா இடுப்பு பெருத்திருக்கு." அவன் நிமிர்ந்தான். "ஐயா, தவிட்டு ரொட்டி தின்னு தொப்பை போட்ட முதல் ஆளு நம்ம பெரியவர்தான்."

"பட்டினியில உடம்பு ஊதும்னு வைத்தியர் சொன்னாரு. நானும் நம்புனேன். ஆனா ஊதின ஆளு உக்காரும்போது முனகுவான். இவரு ஏப்பம் விட்டாரு." ரெனியெர் முகத்தைச் சுளித்தார். "அதோட இன்னொண்ணு. நம்ம ஆளு எவன் பிடிபட்டாலும் விடுதலைக்கு ஈடா எதைக் குடுக்கலாம்?"

"இடுப்பு வாரும் கத்தியும். வேற ஒரு செப்புக்காசு கூடக் குடுக்கக் கூடாது."

"பெரியவர் அதைத்தான் நீட்டுனாராம். அமீர் சிரிச்சுட்டு விலங்கு போட்டானாம். சரி. நீட்டின வாரு எப்படிடா இடுப்புலயே திரும்பி வந்துச்சு?"

காலையில் அதை வாங்கிய விதத்தை நினைத்தால் சஹாக்குக்குச் சிரிப்பு வந்தது. ஈஸ்டருக்குப் புது வார் என்று ரெனியெர் இரண்டு கையாலும் நீட்டினார். புதியதை வாங்கினால் பழையதை அதே இடத்தில் கழற்றிக் கொடுக்க வேண்டும். சபையில் சேர்ந்த நாளிலிருந்து எல்லோருக்கும் அதுதான் பழக்கம். பெரியவர் யாரிடமோ பேசிக்கொண்டே இடுப்பில் கைவைத்து, அவிழ்த்து, கொடுத்துவிட்டார். நாற்பது வருஷமாகக் கொடுத்துப் பழகிய கை.

"அப்போ முடிஞ்சதுங்கய்யா. கூட்டத்துல வாரைக் காட்டிடலாம்."

"அவரு அந்தச் சட்டையைக் காட்டுவாரு."

சஹாக் மூலையில் இருந்த மூடு கூடையைப் பார்த்தான். பார்த்ததுமே அரித்தது. தலைவர் வந்த அன்று கழற்றிய சட்டை. சீலைப்பேன் நெளிந்த அந்தத் துணியைப் பள்ளத்தாக்கு ஜனம் வரிசையில் நின்று முத்தமிட்டது. நாளை அதைப் பெட்டியில் வைத்துக் கோவிலுக்குக் கொண்டுபோகிறார்கள். துவைக்கக் கூடாது என்று உத்தரவு.

"அது நடிப்பு அழுக்கு இல்லைங்கய்யா. நான்தான் தூக்கிட்டு வந்தேன். உள்பக்கமும் அப்படியே கறுப்பு. மேல சேறு பூசுனா உள்ள வெளுப்பாத்தான இருக்கும்? இது உடம்பு கசிஞ்ச அழுக்கு. மாசக்கணக்குல."

ரெனியெர் வாரையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். சாப்பாட்டு மணி அடித்தது.

---

உணவுக்கூடத்தில் யாரும் பேசக்கூடாது. ஒருவர் மட்டும் மேடையில் நின்று புனிதர் கதை வாசித்துக்கொண்டிருந்தார். சஹாக் பழுப்பு உடைப் பணியாளர்களோடு ஆட்டுக்கறியும் பருப்பும் சுமந்து பரிமாறினான். ஜன்னல் வழியே புகை நாற்றம் வந்தது. பள்ளத்தாக்கில் மறுபடியும் ஒரு கிராமம் எரிகிறது. தலைவர் திரும்பிய நாளிலிருந்து குதிரைகள் லாயத்தை விட்டு வெளியே வரவில்லை. தான் தப்பி வந்ததற்கு நன்றியாகக் கோடை முடியும்வரை யாரும் வாள் எடுக்கக் கூடாது என்று அவர் உத்தரவு.

நடுத்தரையில் கிலாபெர். தட்டு கிடையாது. மடியில் விரித்த அங்கியின் ஓரம்தான் தட்டு. இரண்டு பக்கமும் வேட்டை நாய்கள் உறுமிக்கொண்டு நின்றன. உத்தரவில்லாமல் அவற்றை விரட்டவும் கூடாது. ஒரு நாய் அவர் மடியிலிருந்த ரொட்டியைக் கவ்வியது. எச்சில் கயிறாக நீண்டு அங்கியில் விழுந்தது. அவர் மீதியைப் பிய்த்து வாயில் போட்டார்.

அப்போது மேல்மேசையில் தலைவர் கையை உயர்த்தினார். தலைவரின் கிண்ணம் மட்டும் பெரிது. தண்டனையில் இருப்பவனுக்கு இரங்கி அதிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம் என்பதற்காக. அவர் கொழுப்புத் தொங்கும் ஒரு துண்டை எடுத்து, அரைவாசி கடித்துவிட்டு, மீதியைச் சஹாக்கிடம் நீட்டி, கண்ணால் தரையைக் காட்டினார். கூடம் முழுதும் ஒரு பெருமூச்சு. நாளைக்குச் சாகப்போகிறவனுக்கும் இரங்குகிறாரே.

துண்டு சூடாக இருந்தது. பல் பதிந்த இடம் ஈரமாக இருந்தது. சஹாக் அதைக் கிலாபெரின் மடியில் வைத்தான். மறுத்தால் அது வேறு குற்றம். கிலாபெர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். தாடை அசைவதைப் பார்க்க முடியாமல் சஹாக் திரும்பியபோது, தலைவரின் இடக்கை தன்னையறியாமல் புது வாரின் நுனியைத் தடவித் தடவி, இல்லாத துளையைத் தேடிக்கொண்டிருந்தது.

சாப்பாடு முடிந்து வெளியே வந்ததும் ரெனியெர் அவன் முழங்கையைப் பிடித்துக் கிடங்குக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்.

"பாத்தியாடா? ஒருத்தன் தட்டுல இருந்தது இன்னொருத்தன் மடிக்குப் போச்சு."

"வாந்தி வருதுங்கய்யா. அதைப் பத்திப் பேசாதீங்க."

"பேசணும். வாரு சொல்றது நிஜம். அதைக் கட்டினவன் தின்னு கொழுத்தவன். சட்டை சொல்றதும் நிஜம். அதைப் போட்டவன் சிறையில அழுகினவன். ரெண்டும் ஒரே ஆளா இருக்க முடியுமா?"

சஹாக் படியில் நின்றுவிட்டான்.

"மேல இருக்கறவன் கீழ இருக்கறவனுக்குக் குடுக்கறதைத்தான் நாம பாக்கறோம்," என்றார் ரெனியெர். "கீழ இருக்கறவன்கிட்டேருந்து எடுத்திருந்தா?"

---

கூடையின் மூடியைத் திறந்ததும் நாற்றம் எழுந்து நின்றது. புளிப்பு, மூத்திரம், பழைய ரத்தம். சஹாக் மூக்கில் துணி கட்டிக்கொண்டான். "புனிதர் வாடைன்னா ரோஜா மாதிரி இருக்கும்னு சொன்னாங்க."

"உள்பக்கம் திருப்பு. தையலைப் பாரு. நம்ம கிடங்குச் சட்டைதானா?"

தையலிடுக்குகளில் ஈர் வெள்ளையாக அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மடிப்பாக நகத்தால் கீறிக்கொண்டே போனான். கழுத்து, தோள். இடது அக்குளில் வைத்துத் தைத்த சதுரத் துண்டு வந்ததும் விரல் நின்றது.

வெள்ளை நூல் பாதியில் தீர்ந்து, மீதி பழுப்பு நூல்.

"என்னடா?"

"இது..." அவன் நூலைத் தடவினான். "இது நான் தைச்சது. வெள்ளை நூலு தீந்துபோச்சு. பழுப்பு நூலைப் போட்டேன். அதுக்கு அவன் என்னைத் திட்டினான். ராஜா வீட்டுத் தையக்காரன்னு நெனப்பாடா உனக்குன்னு. எங்கண்ணன் சட்டைங்கய்யா இது."

ரெனியெர் மெதுவாகக் கேட்டார். "செத்த உடம்புலேர்ந்து கழட்டியிருப்பாரோ?"

அருவருத்துச் சட்டையைக் கீழே போடப் போன சஹாக் முதுகுப் பக்கம் ஒரு ஒட்டுத் துண்டைப் பார்த்தான். அது கிடங்குத் துண்டு இல்லை. ஒட்டக மயிர் நூலால், ஊசிகூட இல்லாமல் எலும்பு முள்ளால் குத்தித் தைத்திருந்தது. முடிச்சு இரட்டைச் சுற்றாகப் பின்னால் வாங்கி இறுக்கியது.

அந்த முடிச்சை அவன் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். அவன் அப்பா தோணிக்காரர். பாய்க்கயிறு கட்ட அவர் போட்ட முடிச்சு அது. அப்பா கடலோடு போன பிறகு அது அண்ணன் தம்பி இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"ஒட்டைப் பிரி," என்றார் ரெனியெர். குரல் மாறியிருந்தது. "முடிச்சை விட்டுடு. ஓரத்தை மட்டும் தூக்கு."

சஹாக் தூக்கினான். ஒட்டுக்கு அடியில் மறைந்திருந்த துணியும் கறுப்பு. வெளியே இருக்கும் அதே தடித்த, பிசுபிசுத்த கறுப்பு.

"போன கோடையில கிழிஞ்சு அப்பவே ஒட்டுப் போட்டிருந்தா, அடியில துணி வெளுப்பா இருக்கணும்," என்றார் ரெனியெர். "மாசக்கணக்கா அழுக்கு ஏறின பிறகு போட்ட ஒட்டு இது."

"அப்போ..."

"செத்தவன் ஒட்டுப் போட மாட்டாண்டா."

சஹாக் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்தானா அழுதானா என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த நாற்றம் பிடித்த துணியை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

"பெரியவர் மேல குத்தம் சொல்லப் படைத்தலைவரால மட்டும்தான் முடியும்," என்றார் ரெனியெர், வாரை எடுத்து அங்கிக்குள் வைத்துக்கொண்டே. "பிரதர் ஹ்யூக் நேர்மையான ஆளு. ஆனா சாட்சி கேப்பாரு. அழுக்கு வேற ஆளுதுன்னு என்னால சொல்ல முடியும். யாரு சட்டைன்னு உன்னாலதான் சொல்ல முடியும். இங்கேயே இரு. கூட்டிட்டு வர்றேன். கதவைச் சாத்திக்கோ."

ரெனியெர் போனதும் சஹாக் சாத்தத்தான் எழுந்தான். அதற்குள் கதவு திறந்தது.

பிரதர் பெரெங்கார் தனியாக வந்தார். உள்ளே வந்து, கதவைத் தானே சாத்தினார். துணி அவிக்கும் அடுப்புப் பக்கமாக ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, தொடையைப் பரப்பி உட்கார்ந்தார். புது வார் அவிழ்ந்து தொங்கியது.

"பயப்படாத மகனே. நொண்டியைத் தேடி வரல." பார்வை சஹாக்கின் கையிலிருந்த சட்டைக்கு வந்தது. அக்குள் துண்டு வெளியே தெரிந்தது. "உன் தையலா அது? அவன் அதை அடிக்கடி தடவிப் பாத்துக்குவான். வாஹ்ராம்தானே? நல்ல பையன். எனக்குக் கால் பிடிச்சுவிடுவான்."

சஹாக் சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"கழட்டும்போது குளிருதுன்னான்," என்றார் தலைவர். பல்லிடுக்கில் சிக்கிய கறித் துணுக்கை நாக்கால் தள்ளி எடுத்து மென்றார்.

"உயிரோட இருக்கானா?"

"எல்லாரும் இருக்காங்க. அமீருக்கு இந்த அறுவடை வேணும். நம்ம குதிரைங்க லாயத்துல நின்னா அவனுக்குப் போதும். அதுக்குத்தான் என்னை விட்டான்."

"கிராமம் எரியுது." தன் குரல்தானா என்று சஹாக்குக்குச் சந்தேகமாக இருந்தது.

"வைக்கோல் கூரை. திரும்பப் போட்டுக்குவாங்க." அவர் முன்னால் சாய்ந்தார். சாப்பிட்ட கறியின் வாடை வந்தது. "கேளு மகனே. சபை யாரையும் பணம் குடுத்து மீட்காது. சட்டம் உனக்கே தெரியும். உங்கண்ணனைக் கேட்டு வாங்கறதுக்கு இந்தப் பூமியில ஒரே ஒரு ஆளாலதான் முடியும். திராட்சை பழுக்கறதுக்குள்ள அவன் இந்த வாசல்ல வந்து நிப்பான். அடுப்பு எரியுது. சட்டை அழுக்கு. பேன் புடிச்சுதுன்னு எரிச்சுட்டேன்னு சொல்லு. ஒரு வார்த்தை, முடிஞ்சுது. இல்லே, எரிக்க மனசு வரலையா? பெரியவர் சட்டைன்னு சொல்லிடு. அதுவும் போதும்."

"கிலாபெர்?"

"கிலாபெருக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லையே."

"நான் நிஜத்தைச் சொல்லிட்டா?"

"அமீர் காதுக்குப் போக ஒரு புறா போதும். அதுக்கப்புறம் நான் சொன்ன பொய்யெல்லாம் நிஜமாயிடும். எல்லாரும் செத்துட்டாங்கன்னுதான சொன்னேன்?"

படியில் காலடிகள். இரண்டு பேர். ரெனியெரின் வேகநடை, அதன் பின்னால் கனமான இன்னொரு நடை.

சஹாக் அடுப்பைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான். வாஹ்ராம் வாசலில் வந்து நிற்பதும், உன் தையலும் நீயும் என்று திட்டுவதும் கண்முன் வந்தன. அதை அவன் முழுசாகப் பார்த்து முடித்த பிறகுதான், அந்தக் காட்சியில் கிணற்றின் மேல் மூடிய கல்லும் இருந்தது என்பது உறைத்தது. கிலாபெரின் முகத்தை நினைத்துப் பார்த்தான். மெல்லும் தாடை மட்டும்தான் நினைவுக்கு வந்தது. சீலைப்பேன் ஒன்று அவன் மணிக்கட்டில் ஏறி ஊர்ந்தது. அதைத் தட்டிவிடக்கூட அவனுக்கு அருவருப்பு மிச்சமில்லை. எல்லாம் தன் மேலேயே செலவாகியிருந்தது.

கதவு திறந்தது. தலைவரைப் பார்த்ததும் ரெனியெரின் முகம் வெளுத்தது. படைத்தலைவர் பிரதர் ஹ்யூக் பின்னால் வந்து, மண்டியிட வேண்டியவருக்கு மண்டியிட்டு எழுந்தார்.

"வா ஹ்யூக்," என்றார் தலைவர். எழுந்து வந்து சஹாக்கின் தோளில் கைபோட்டார். கை கனமாக, ஈரமாக, மிருதுவாக இருந்தது. "பையன்கிட்ட என்னமோ கேக்கணுமாமே. நானும் கேட்டுக்கறேன்."

ஹ்யூக் சட்டையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுபடியும் சிரமப்பட்டு அதன் பக்கம் திரும்பினார். பழுப்பு நூல் வெளிச்சத்தில் தெரிந்தது. ரெனியெர், சொல்லுடா என்பது போல் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் இருந்த கை லேசாக ஒரு தடவை அழுத்தியது.

"தம்பி," என்றார் ஹ்யூக், "இது யாரோட சட்டை?"